ஆட்டோபைலட் போட்ட பிறகும் வேகம் ஏன் நிற்பதில்லை?

நீங்கள் கேட்டது இது. சிமுலேட்டரில் பயணிகள் ஜெட் ஓட்டுகிறீர்கள். ஆட்டோபைலட், எஞ்சின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில், இரண்டும் போட்டாயிற்று. வேகம் 280 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்று வைத்திருக்கிறீர்கள். மேலே ஏறும்போது அது 240-க்கு இறங்கிவிடுகிறது, கீழே இறங்கும்போது 310-ஐத் தாண்டுகிறது. சமமாகப் பறக்கையில் மட்டும் சொன்னபடி நிற்கிறது. போயிங் 737-இலும் ஏர்பஸ் ஏ320-இலும் இதே கதை. விமானத்தின் மென்பொருளில் பிழையா, நான் எதையாவது விட்டுவிட்டேனா?

பெரும்பாலும் பிழை இல்லை. சமமாகப் பறக்கும்போது நிற்கிறது, ஏறும்போதும் இறங்கும்போதும் நிற்பதில்லை என்று நீங்கள் கவனித்திருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உண்மையான பிழைகளும் உண்டு, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விமானம் வேகத்தை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். இது புரியாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு மாதம் ஆனாலும் தீராது.

மிதிவண்டியில் மேட்டில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். காலில் இருக்கும் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்ட பிறகும் வேகம் குறையாமல் இருக்க வேண்டுமானால் மேடு கொஞ்சம் தணிய வேண்டும். சாலையில் அது நம் கையில் இல்லை. விமானத்தில் இருக்கிறது: மூக்கைத் தாழ்த்தினால் மேடு தணிந்துவிடும், உயர்த்தினால் செங்குத்தாகும். ஆக வேகத்தைப் பிடிக்க விமானத்துக்கு இரண்டு கைகள். ஒன்று எஞ்சின் விசை, இன்னொன்று மூக்கின் கோணம்.

உயரமும் வேகமும் ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கக்கூடிய சரக்குகள். உண்மை வேகம் 250 நாட்டாக இருக்கும் விமானத்தை 300-க்குக் கொண்டுபோகத் தேவைப்படும் ஆற்றல், அதே விமானத்தைச் சுமார் 1,200 அடி உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலுக்குச் சமம். எடை எவ்வளவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எனவே ‘இந்த வேகத்திலும் இரு, இந்த விகிதத்திலும் ஏறு’ என்று இரண்டு கட்டளைகளைச் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் வேண்டிய ஆற்றலை எஞ்சின்தான் தர வேண்டும். அதனால் முடியாதபோது இரண்டில் ஒன்று விழும். எது விழும் என்பதை நீங்கள் அழுத்திய பொத்தான் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது.

இதை 737-இல் பார்ப்பது எளிது. லெவல் சேஞ்ச் பொத்தானை அழுத்தி ஏறுங்கள். ஆட்டோத்ராட்டில் எஞ்சினை ஏறுவதற்கான முழு விசைக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்துவிடும். வேகத்தோடு அதற்கு இனி தொடர்பில்லை. மூக்குதான் வேகத்தைப் பிடிக்கும். 280-க்குக் கீழே போனால் மூக்கு தாழும், மேலே போனால் உயரும். ஏறும் விகிதம் என்னவாக இருக்கும் என்று கேட்டால், எஞ்சினில் மிச்சமிருக்கும் பலம் எவ்வளவோ அவ்வளவு. கீழே நிமிடத்துக்கு 3,000 அடி ஏறும், உயரே போகப்போக அதுவாகவே 1,000-க்குக் குறையும். வேகம் மட்டும் அசையாது.

இப்போது அதே இடத்தில் வெர்டிக்கல் ஸ்பீடு பொத்தானை அழுத்துங்கள். வேலை தலைகீழாக மாறிவிட்டது. நிமிடத்துக்கு இத்தனை அடி என்று நீங்கள் வைத்த விகிதத்தை மூக்கு பிடித்துக்கொள்கிறது. வேகம் ஆட்டோத்ராட்டிலின் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. விசை மிச்சமிருக்கும்வரை இரண்டும் சரியாக நடக்கும். விசை எல்லையைத் தொட்ட கணத்திலிருந்து ஆட்டோத்ராட்டிலால் ஒன்றும் செய்ய முடியாது. மூக்குக்கோ வேகத்தைப் பற்றி இப்போது கவலையே இல்லை. சொன்ன விகிதத்தைக் காப்பாற்ற அது இன்னும் இன்னும் மேலே தூக்கும், வேகம் கரைந்துகொண்டே வரும். நீங்கள் பார்த்த 240 இதுதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன்.

நான் இதைக் கற்றது மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ்எக்ஸ் காலத்தில். 2006-இல் வந்த அந்த சிமுலேட்டரோடு சேர்ந்து வரும் 737-இல் உயரத்தை வைத்து ஆட்டோபைலட்டைப் போட்டால், அது தானாகவே நிமிடத்துக்கு 1,800 அடி என்று எடுத்துக்கொள்ளும். 10,000 அடியில் அது ஒன்றுமே இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு 35,000-க்கு அனுப்பினால் 30,000-ஐத் தாண்டியதும் மூக்கு மேலே, வேகம் கீழே, கடைசியில் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். அந்த நாளில் எத்தனையோ பேர் இதை விமானத்தின் கோளாறு என்று நினைத்தார்கள். விமானம் கேட்டதைத்தான் செய்தது. உயரம் கூடக்கூட விகிதத்தை 1,000, அப்புறம் 700, 500 என்று நாம் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

சரி, யார் வேகத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொத்தானின் விளக்கைப் பார்க்காதீர்கள். முன் திரையின் மேல் விளிம்பில் சின்ன எழுத்துகளில் ஒரு வரி ஓடும், அதற்குப் பெயர் எஃப்எம்ஏ. 737-இல் அதில் மூன்று கட்டங்கள்: இடது கட்டம் ஆட்டோத்ராட்டில் என்ன செய்கிறது என்று சொல்லும், நடுக் கட்டம் பக்கவாட்டுத் திசை, வலது கட்டம் மூக்கு. ‘எம்சிபி ஸ்பீடு’ (பலகையில் நீங்கள் வைத்த வேகம்) என்ற சொல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். லெவல் சேஞ்சில் ஏறும்போது இடது கட்டத்தில் ‘என்1’ (எஞ்சின் விசையின் அளவு), வலது கட்டத்தில் ‘எம்சிபி ஸ்பீடு’ என்று இருக்கும். அப்படியானால் மூக்கு பிடித்திருக்கிறது. வெர்டிக்கல் ஸ்பீடில் ‘எம்சிபி ஸ்பீடு’ இடது கட்டத்துக்குப் போய்விடும். இப்போது விசை பிடித்திருக்கிறது. அதே சொல் கட்டம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. சிமுலேட்டரில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான்.

இறங்கும்போது சிக்கல் வேறு மாதிரி. எஞ்சின் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்குப் போய்விட்டால் ஆட்டோத்ராட்டிலுக்குக் குறைக்க மேற்கொண்டு எதுவும் இல்லை. வெர்டிக்கல் ஸ்பீடில் நிமிடத்துக்கு 3,000 அடி இறங்கு என்று வைத்திருந்தால் மூக்கு அந்தச் சரிவைப் பிடித்திருக்கும், எஞ்சின் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும், வேகம் ஏறத்தான் செய்யும். அங்கே செய்ய வேண்டியது, இறக்கைமேல் தகடுகளை எழுப்பும் ஸ்பீடு பிரேக்கை இழுப்பது, அல்லது இறங்கும் விகிதத்தைக் குறைப்பது. ஆட்டோபைலட் ஸ்பீடு பிரேக்கைத் தானாக இழுக்காது, அது உங்கள் கை வேலை.

737-இன் விநேவில் (உயரப் பாதையைக் கணினியே நடத்தும் முறை) இன்னும் ஒரு நுணுக்கம். இறங்கும்போது வலது கட்டத்தில் ‘விநேவ் பாத்’ என்று இருந்தால் மூக்கு கணினி வரைந்த பாதையைப் பிடித்திருக்கிறது. இடது கட்டத்தில் ‘ஆர்ம்’ என்று இருந்தால் எஞ்சின் ஐடிலில் சும்மா இருக்கிறது. அந்த நேரத்தில் வேகத்தை யாருமே நேரடியாகப் பிடிக்கவில்லை! பாதையைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால் வேகம் தானாக ஒத்துப்போகும் என்பதுதான் அங்கே இருக்கும் நம்பிக்கை. கணினிக்குக் கொடுத்த காற்று விவரம் தவறாக இருந்தால், பின்காற்று எதிர்பார்த்ததைவிடக் கூடினால், ஃபிளாப்பையோ பனி நீக்கியையோ கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் வேகம் விலகும். ‘டிராக் ரிக்வயர்டு’ (காற்றுத்தடை தேவை) என்று கணினி கேட்பது அப்போதுதான்.

ஏ320-இல் இதே விஷயத்துக்கு வேறு உடை. அங்கே வேகக் குமிழை உள்ளே தள்ளினால் வேகத்தைக் கணினி தேர்ந்தெடுக்கும், வெளியே இழுத்தால் நீங்கள் சொல்வது. எஃப்எம்ஏவின் முதல் கட்டத்தில் ‘ஸ்பீடு’ அல்லது ‘மாக்’ (ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) என்று இருந்தால் விசை வேகத்தைப் பிடித்திருக்கிறது. ‘த்ரஸ்ட் கிளைம்ப்’ அல்லது ‘த்ரஸ்ட் ஐடில்’ என்று இருந்து, பக்கத்தில் ‘ஓபன் கிளைம்ப்’, ‘ஓபன் டிசென்ட்’ என்று இருந்தால் விசை ஓரிடத்தில் நிற்கிறது, மூக்கு வேகத்தைப் பிடித்திருக்கிறது. உயரக் குமிழைத் தள்ளி, கணினி வழிநடத்தும் இறக்கத்துக்குப் போனால் வேகக் காட்டியில் இலக்குக்கு மேலும் கீழும் இரண்டு சிறு குறிகள் தோன்றும். அவை பொதுவாக இலக்கிலிருந்து 20 நாட் மேலே, 20 நாட் கீழே. இந்த இடைவெளிக்குள் வேகம் மிதக்கலாம், பாதைதான் முக்கியம் என்பது வடிவமைத்தவர்களின் முடிவு. இலக்கு 280 என்றால் 260-க்கும் 300-க்கும் இடையே எங்கே இருந்தாலும் விமானத்தைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருக்கிறது. 310 என்பது மேல் குறியையும் தாண்டிவிட்டது என்பதால், ஸ்பீடு பிரேக் கேட்கும் செய்தி உங்கள் திரையில் வந்திருக்கலாம், கவனித்தீர்களா என்று பாருங்கள்.

ஏ320-இல் சிமுலேட்டர்காரர்களை மட்டுமே பிடிக்கும் ஒரு பொறியும் உண்டு. உண்மையான விமானத்தில் புறப்பட்ட சிறிது நேரத்தில், வழக்கமாக நிலத்திலிருந்து 1,500 அடி வாக்கில், த்ரஸ்ட் லீவர்களை ‘கிளைம்ப்’ பள்ளத்துக்கு இழுத்து வைப்பார்கள். பிறகு தரையிறங்கும்வரை அவை அங்கேயே இருக்கும். 737-இல் போல லீவர்கள் தானாக நகராது. லீவர் எங்கே இருக்கிறதோ அதுதான் ஆட்டோத்ரஸ்ட் (ஆட்டோத்ராட்டிலுக்கு ஏர்பஸ்ஸில் பெயர்) தரக்கூடிய உச்ச விசை. வீட்டில் சாதாரண ஜாய்ஸ்டிக்கில் அந்தப் பள்ளம் கிடையாது. நீங்கள் லீவரைப் பாதியில் விட்டிருந்தால் ஆட்டோத்ரஸ்ட்டும் அந்தப் பாதி விசைக்கு மேல் போகாது, ஏற்றத்தில் வேகம் விழும். எஃப்எம்ஏவில் ‘லீவர் கிளைம்ப்’ என்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஃப்ளைபைவயரின் இலவச ஏ32என்எக்ஸ் போன்றவற்றில் காக்பிட் டேப்லெட்டிலேயே இந்தப் பள்ளங்களை உங்கள் ஜாய்ஸ்டிக்குக்கு ஏற்ப அளவிட்டு வைக்கலாம். அதைச் செய்யாமல் பறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பத்து நிமிட வேலை.

தரையிறங்க அணுகும்போது ஏ320-இன் இலக்கு வேகம் 138, 143, 140 என்று மாறிக்கொண்டிருந்தால் அதுவும் கோளாறு இல்லை. எதிர்காற்று திடீரென்று கூடினால் விமானம் தன் இலக்கைக் கூட்டிக்கொள்ளும், தணிந்தால் குறைத்துக்கொள்ளும், கணக்கிட்ட அணுகு வேகத்துக்குக் கீழே மட்டும் போகாது. காற்று சட்டென்று அடங்கினாலும் கையிருப்பு இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஓடுபாதைக் காற்றைக் கணினியில் நிரப்பியிருந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும்.

அடுத்தது மாக். இதில் தடுமாறாத புதியவரை நான் பார்த்ததில்லை. கீழே வேகத்தை நாட் கணக்கில் பிடிக்கிறோம், உயரே மாக்கில். 300 நாட், மாக் 0.78 என்பது ஏ320-க்குப் பழக்கமான ஏற்றம். இந்த இரண்டும் சந்திக்கும் உயரம் சுமார் 29,000 அடி. அங்கே மாக்குக்கு மாறாமல் 300-ஐயே பிடித்துக்கொண்டு 35,000 அடிக்குப் போனால் மாக் 0.87 ஆகிவிடும். விமானத்தின் எல்லையோ 0.82. அதற்கு வெகு முன்பே அதிவேக எச்சரிக்கை அலறும். மாக் 0.78-இல் சரியாகப் பறந்தால் 35,000 அடியில் வேகக் காட்டி காட்டுவது சுமார் 264 மட்டுமே. ஆக 29,000-க்கு மேலே ஏற ஏற நாட் கணக்கில் வேகம் 300-லிருந்து 264-க்கு இறங்குவதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மாக் அசையாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இறங்கும்போது இதன் மறுபக்கம். மாக் 0.78 என்றே வைத்துக்கொண்டு 20,000 அடிவரை வந்தால் அது 360 நாட்டைத் தாண்டிவிடும். ஏ320-இன் உச்சம் 350, இன்றைய பெரும்பாலான 737-களுக்கு 340. மாற்றத்தை விமானம் தானாகச் செய்வதே வழக்கம், ஆனாலும் எளிமையான சிமுலேட்டர் விமானங்கள் பலவற்றில் அந்தத் தானியங்கி மாற்றம் இருக்காது. 737-இல் வேகச் சாளரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை நீங்களே அழுத்த வேண்டியிருக்கும். அந்தச் சாளரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஞாபகம் வருகிறது: எண்ணுக்கு முன்னால் 8 அல்லது ஏ என்ற எழுத்து மினுக்கினால் திரையில் கோளாறு என்று நினைக்காதீர்கள். 8 என்றால் நீங்கள் கேட்ட வேகம் எல்லைக்கு மேலே, அதனால் அங்கே போக மாட்டேன் என்று பொருள். ஏ என்றால் மிகக் குறைவு, அவ்வளவு கீழே போக மாட்டேன் என்று பொருள். ஃபிளாப்பை இறக்கிவிட்டு வேகத்தைக் கூட்டினால் முதலாவது வரும்.

வேகத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற கேள்வியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உண்மை விமானங்களில் இதில் வந்த குழப்பம் உயிர்களை எடுத்திருக்கிறது.

1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 ஓர் ஏ320. ஓடுபாதையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில், விசை வேகத்தைப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தில், விமானம் ஐடில் ஓபன் டிசென்டில் இருந்தது. அந்த முறையில் எஞ்சின் ஐடிலைவிட்டு நகராது. இறங்கு பாதையைக் காப்பாற்ற மூக்கை உயர்த்த உயர்த்த வேகம் தேவையானதற்கு வெகு கீழே சரிந்தது. அதை உணர்ந்து விசை கொடுத்தபோது எஞ்சின் சுழன்று எழ நேரம் போதவில்லை. ஓடுபாதைக்கு முன்னால் ஒரு கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். ஏ320 நம் வானத்துக்கு வந்து கொஞ்ச நாளே ஆகியிருந்த காலம் அது.

2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல். டர்கிஷ் ஏர்லைன்ஸ் 1951, ஒரு 737-800. இடது பக்க ரேடியோ உயரமானி தவறாக மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரையைத் தொடப்போகிறோம் என்று நம்பிய ஆட்டோத்ராட்டில் ‘ரிடார்ட்’ முறைக்குப் போய் விசையை ஐடிலில் வைத்தது. வலது பக்கத்து ஆட்டோபைலட்டோ இறங்கு பாதையைப் பிடித்துக்கொண்டு மூக்கை மேலே மேலே தூக்கியது. அவர்கள் பாதைக்கு மேலிருந்து வந்து சேர்ந்ததால், ஆரம்பத்தில் எஞ்சின் ஐடிலில் இருப்பது இயல்பாகவே தெரிந்தது. எஃப்எம்ஏவில் எழுத்து மாறியிருந்தது. ஆனால் வேகம் அபாயமாகக் குறைந்த பிறகே நிலைமை பிடிபட்டது. ஒன்பது பேர் இறந்தார்கள்.

2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ, ஏசியானா 214, போயிங் 777. அணுகும் நேரத்தில் ஃப்ளைட் லெவல் சேஞ்சைத் தேர்ந்தார்கள். தேர்ந்திருந்த உயரம் மேலே இருந்ததால் விமானம் ஏறப் பார்த்தது. விமானி லீவர்களைக் கையால் ஐடிலுக்கு இழுத்தார். அப்போது ஆட்டோத்ராட்டில் ‘ஹோல்டு’ முறைக்குப் போனது. அந்த முறையில் அது லீவரைத் தொடாது, வேகம் எவ்வளவு விழுந்தாலும் தானாக எழுப்பாது. ஆட்டோத்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்கிறது என்று நம்பியிருந்தார்கள். 137 நாட்டில் வந்திருக்க வேண்டிய விமானம் 103 வாக்கில் கடல் சுவரில் வால் மோதியது. விமானத்தில் 307 பேர், மூவர் இறந்தார்கள். நல்ல 777 ஆட்-ஆன்களில் இந்த ஹோல்டு நடத்தையை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பான உயரத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். இடது கட்டத்தில் அந்தச் சொல் தோன்றுவதையும், அதன் பின் வேகம் கேட்பாரில்லாமல் விழுவதையும் பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது.

இனி சிமுலேட்டரின் சொந்தக் குறைகள். இவை உண்மையானவை.

ஆட்டோத்ராட்டில் உள்ளுக்குள் ஒரு திருத்தும் சுழற்சி. இலக்குக்கும் இப்போதைய வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, அதற்கேற்ப விசையைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஜெட் எஞ்சின் உடனே பதில் சொல்வதில்லை. ஐடிலிலிருந்து முழு விசைக்கு வர சில விநாடிகள் பிடிக்கும். அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்தத்தின் அளவை வைக்காவிட்டால் வேகம் இலக்கைத் தாண்டும், திரும்பும், மறுபடி தாண்டும். விசை எழுந்து எழுந்து அடங்குவது காதில் கேட்கும். நன்றாகச் செய்யப்பட்ட விமானத்தில் இது கிட்டத்தட்டத் தெரியாது. அவசரத்தில் செய்த விமானத்தில் தாலாட்டு மாதிரி நிற்காமல் ஆடும். சிமுலேட்டரோடு வரும் எளிய விமானங்களில் விசைக்கே ஒரே ஓர் எண்ணை உச்சமாக எழுதி வைத்திருப்பதும் உண்டு. எஃப்எஸ்எக்ஸ் 737-இன் அமைப்புக் கோப்பில் அது எஞ்சின் சுழற்சியில் 90 சதவீதம். உண்மையில் ஏற்றத்துக்கான உச்சம் உயரத்தையும் வெப்பத்தையும் பொறுத்து மாறும் என்பதால், அங்கே உண்மை விமானம் பிடித்திருக்கும் வேகத்தை இது பிடிக்காது.

நேரத்தை நான்கு மடங்கு வேகமாக ஓட்டுகிறீர்களா? நீண்ட பயணத்தில் பலரும் செய்வது. அந்தத் திருத்தும் சுழற்சி இயல்பான வேகத்துக்கு அளவெடுத்தது, நேரம் ஓடும்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் இடையே விமானம் அதிக தூரம் போய்விடுகிறது. வேகமும் மூக்கும் ஆடத் தொடங்கும். திரை மிக மெதுவாக ஓடும் கணினியிலும் கிட்டத்தட்ட இதே விளைவு. வேகத்தைப் பற்றி முடிவுக்கு வருமுன் ஒரு மடங்குக்கு வந்து பாருங்கள்.

காற்றும் பெரிய காரணம். வெளியிலிருந்து வரும் வானிலைத் தரவு ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழைய சிமுலேட்டர்களில் காற்று ஒரே கணத்தில் 40 நாட் திரும்பிவிடும். விமானத்தின் எடைக்கு அந்தக் கணத்தில் தன் வேகத்தை மாற்ற முடியாது, அதனால் காட்டியில் வேகம் சடாரென்று குதிக்கும், அதிவேக எச்சரிக்கை வரும். எந்த ஆட்டோத்ராட்டிலும் இதைத் தடுக்க முடியாது. எஃப்எஸ்யுஐபிசி போன்ற துணை நிரல்களில் காற்றை மெல்ல மாற்றும் வசதி வந்ததே இதற்காகத்தான். எக்ஸ்-பிளேன் 12-இலும் புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்களிலும் இவ்வளவு மோசமில்லை.

ஜாய்ஸ்டிக்கை மறக்கவே கூடாது. சில வருடம் உழைத்த என் த்ராட்டில் ஒன்று உள்ளே தேய்ந்து, யாரும் தொடாதபோதும் நுண்ணியதாக அசைந்துகொண்டிருந்தது. அந்த அசைவு ஒவ்வொன்றையும் சிமுலேட்டர் ‘விமானி லீவரை நகர்த்துகிறார்’ என்று எடுத்துக்கொள்ளும். ஆட்டோத்ராட்டில் ஒரு பக்கம் இழுக்க, ஜாய்ஸ்டிக் இன்னொரு பக்கம் இழுக்க, 737-இல் வேகம் எட்டு நாட் மேலும் கீழும் ஆடியது. விமானத்தைத்தான் இரண்டு வாரம் சந்தேகப்பட்டேன். ஜாய்ஸ்டிக் அமைப்பில் உணர்வற்ற பகுதியைக் கொஞ்சம் கூட்டியதும் நின்றது. பல விமானங்களில், ஆட்டோத்ராட்டில் இயங்கும்போது வெளி லீவரைப் பொருட்படுத்த வேண்டுமா, ஹோல்டில் மட்டும் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்கும் ஓர் அமைப்பு இருக்கும். 737-க்கு இரண்டாவதை வையுங்கள்.

அப்புறம், காற்றழுத்தத்தை வாங்கி வேகத்தை அளக்கும் பிடோ குழாயின் வெப்பம். 737-இல் மேலே இருக்கும் அந்தச் சுவிட்சுகளைப் போட மறந்து மேகத்துக்குள் போனால், சிமுலேட்டர் பனியை ஒழுங்காகச் செய்திருக்கும் பட்சத்தில் குழாய் அடைபடும். காட்டியில் வேகம் குறைந்துகொண்டே போகும், ஆட்டோத்ராட்டில் அதை நம்பி விசையைக் கூட்டும், உண்மை வேகம் எகிறும். தரைவேகத்தைப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும்.

உங்கள் விமானத்தில் எது நடக்கிறது என்று அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம். காற்றை நிறுத்திவிட்டு, நேரத்தை ஒரு மடங்கில் வைத்து, 20,000 அடியில் 280-இல் சமமாகப் பறங்கள். ஐந்து நிமிடம் வேகம் இரண்டு மூன்று நாட்டுக்குள் நிற்க வேண்டும். நிற்காமல் ஆடினால் முதலில் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நின்றால், உயரச் சாளரத்தில் 34,000 வைத்து, வெர்டிக்கல் ஸ்பீடில் நிமிடத்துக்கு 4,000 அடி கேளுங்கள். விசை உச்சத்தைத் தொடுவதையும் அதன் பிறகு வேகம் சரியத் தொடங்குவதையும் எஃப்எம்ஏவோடு சேர்த்துக் கவனியுங்கள். 250 வந்ததும் 737-இல் லெவல் சேஞ்சை அழுத்தி வேகத்தை மீண்டும் 280 என்று வையுங்கள், ஏ320-இல் உயரக் குமிழை இழுங்கள். மூக்கு தாழ்ந்து, ஏறும் விகிதம் குறைந்து, வேகம் 280-க்குத் திரும்ப வேண்டும். மேலே போனதும் இதையே இறக்கத்தில் செய்யுங்கள்: முதலில் நிமிடத்துக்கு 3,500 அடி வெர்டிக்கல் ஸ்பீடு, வேகம் 300-ஐத் தொட்டதும் லெவல் சேஞ்ச் அல்லது ஓபன் டிசென்ட்.

விசை உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே தாராளமாக இருக்கிறது, ஏ320-இல் லீவர் கிளைம்ப் பள்ளத்தில் இருக்கிறது, எஃப்எம்ஏவில் விசைக் கட்டத்தில் வேகம் என்று எழுதியிருக்கிறது, காற்று இல்லை, ஜாய்ஸ்டிக் கழற்றியாயிற்று, அப்படியும் வேகம் பத்து நாட் விலகுகிறது என்றால் அது மென்பொருளின் பிழைதான். அப்போது விமானத்தைச் செய்தவர்களுக்கு எழுதுங்கள். எழுதும்போது ‘வேகம் நிற்கவில்லை’ என்று மட்டும் சொல்லாமல் எஃப்எம்ஏவின் எல்லாக் கட்டங்களையும், உயரம், எடை, என்1 எண், வைத்த வேகம், காட்டிய வேகம் ஆகியவற்றையும் ஒரு திரைப்பிடிப்போடு (ஸ்கிரீன்ஷாட்) சேர்த்து அனுப்புங்கள்.